வெளிநாட்டு உதவிப் பணம் யாரிடம் போய்ச் சேருகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏழை நாடுகளுக்குப் பணக்கார நாடுகள் தரும் நிதியுதவியைப் பற்றி எப்போது பேச்செடுத்தாலும் இரண்டு குரல்கள் எழும். “எல்லாம் இடையில் இருப்பவர்கள் வாய்க்குத்தான் போகிறது” என்பது ஒன்று. “காலனி ஆட்சியில் கொள்ளையடித்ததில் காலணாவைத் திருப்பித் தருகிறார்கள், இதற்கு நன்றி வேறா?” என்பது மற்றொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் கணக்கைப் பிரித்துப் பார்க்காமல் எந்தப் பக்கமும் சாய முடியாது. அதனால் மறுபடி மறுபடி வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

எதை வளர்ச்சி உதவி என்கிறார்கள்?

வெளிநாட்டிலிருந்து வரும் பணமெல்லாம் இதில் சேராது. துபாயிலிருந்து மகன் அனுப்புவது, கார் கம்பெனி ஆலை கட்டக் கொண்டுவரும் முதலீடு, ராணுவத் தளவாடம் வாங்கத் தரும் கடன் எல்லாம் வேறு கணக்கு. பணக்கார நாடுகள் கூடி 1961 முதல் பாரிசில் வளர்ச்சி உதவிக் குழு என்ற ஒன்றை நடத்திவருகின்றன. இந்தத் துறையின் கணக்குப்பிள்ளை அதுதான். எது உதவி என்று 1969இல் அந்தக் குழு ஒரு வரையறை வகுத்தது. கொடுப்பது அரசுப் பணமாக இருக்க வேண்டும். பெறும் நாட்டின் பொருளாதார வளர்ச்சியும் மக்கள் நலனும் அதன் முதன்மை நோக்கமாக இருக்க வேண்டும். இனாமாகவோ, சந்தை வட்டிக்குக் குறைவான சலுகைக் கடனாகவோ இருக்க வேண்டும். இப்படிக் கொடுப்பதற்கு அதிகாரபூர்வ வளர்ச்சி உதவி என்று பெயர்.

“முதன்மை நோக்கம்” என்ற இரண்டு சொற்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சண்டைகளில் பாதி இந்த இரண்டு சொற்களைச் சுற்றித்தான்.

மொத்தம் எவ்வளவு?

முதற்கட்டக் கணக்கின்படி 2023இல் சுமார் 22,370 கோடி டாலர், 2024இல் சுமார் 21,210 கோடி டாலர். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் அந்தக் குழுவின் உறுப்பு நாடுகள் 2024இல் சம்பாதித்த ஒவ்வொரு 100 டாலரிலும் இது 33 சென்ட்தான்.

இன்னொன்றோடு ஒப்பிட்டால் அளவு விளங்கும். வெளிநாட்டில் உழைப்பவர்கள் ஏழை, நடுத்தர நாடுகளில் இருக்கும் தங்கள் குடும்பங்களுக்கு 2024இல் அனுப்பிய பணம் 68,500 கோடி டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. வளைகுடாவில் கொத்து வேலை பார்ப்பவரும் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருப்பவரும் சேர்ந்து அனுப்புவது, உலகத்து அரசாங்கங்கள் எல்லாம் சேர்ந்து கொடுப்பதைப் போல் மூன்று மடங்கு. ஊடகங்களில் யாருக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

கொடுக்கும் நாட்டு மக்களுக்கும் இந்த அளவு தெரிவதில்லை. அரசு செலவில் எவ்வளவு வெளிநாட்டு உதவிக்குப் போகிறது என்று அமெரிக்காவில் கருத்துக்கணிப்பு எடுக்கும் போதெல்லாம் சராசரியாகக் கால் பங்கு என்று பதில் வருகிறது. உண்மையில், 2025 வெட்டுக்கு முன்புகூட, போனது ஏறத்தாழ நூற்றில் ஒன்று.

0.7 சதவீதம் என்று அடிக்கடி சொல்கிறார்களே, அந்த எண் எங்கிருந்து வந்தது?

கனடாவின் முன்னாள் பிரதமர் லெஸ்டர் பியர்சன் தலைமையில் உலக வங்கி ஒரு குழு அமைத்தது. பணக்கார நாடுகள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை உதவியாகத் தர வேண்டும் என்று அந்தக் குழு 1969இல் பரிந்துரைத்தது. மறு ஆண்டே, 1970 அக்டோபர் 24 அன்று, ஐ.நா. பொதுச் சபை அதைத் தீர்மானமாக்கியது. எழுபதுகளின் நடுப்பகுதிக்குள் எல்லோரும் எட்டிவிட வேண்டும் என்பது திட்டம்.

அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. 2024இல் இந்தக் கோட்டைத் தாண்டியவை நார்வே, லக்சம்பர்க், சுவீடன், டென்மார்க் ஆகிய நான்கே நாடுகள். 2023இல் கோட்டுக்கு மேலே இருந்த ஜெர்மனி கீழே இறங்கிவிட்டது. அமெரிக்கா தொகையில் முதலிடத்தில் இருந்த நாட்களிலும் விகிதத்தில் கால் சதவீதத்தை ஒட்டியே நின்றது. 2024இல் 0.22.

பிரிட்டன் கதைதான் வேடிக்கை. 2013இல் இலக்கை எட்டியது. 2015இல் அதைச் சட்டமாகவே ஆக்கியது. சட்டமானால் இனி அசைக்க முடியாது என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆனால் இலக்கை எட்டாத ஆண்டில் அமைச்சர் நாடாளுமன்றத்துக்குக் காரணம் சொன்னால் போதும் என்ற கதவு அதே சட்டத்தில் திறந்தே இருந்தது. கொரோனாவுக்குப் பிறகு, 2021இல், 0.5க்கு இறக்கினார்கள். 2025 பிப்ரவரியில் ராணுவச் செலவை உயர்த்துவதற்காக 2027க்குள் 0.3க்கு இறக்கப்போவதாக அறிவித்தார்கள். வளர்ச்சித் துறை அமைச்சர் பதவி விலகினார். சட்டம் மட்டும் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது.

பணம் எந்த வழியாகப் போகிறது?

ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு நேரடியாகக் கொடுப்பது ஒரு வழி. உலக வங்கி, ஐ.நா. அமைப்புகள், தடுப்பூசிக்கான கவி (Gavi) கூட்டணி, எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான குளோபல் ஃபண்டு போன்ற பொது உண்டியல்களில் போடுவது இன்னொரு வழி.

உண்டியல்களில் பெரியது உலக வங்கியின் சர்வதேச வளர்ச்சிச் சங்கம். 1960இல் தொடங்கியது. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை நன்கொடை நாடுகள் கூடி அதை நிரப்புகின்றன. 2024 டிசம்பரில் 2,370 கோடி டாலர் போட்டார்கள். அதைக் காட்டி பத்திரச் சந்தையில் கடன் திரட்டி, திரும்பி வரும் பழைய தவணைகளையும் சேர்த்து, 10,000 கோடி டாலராகப் பெருக்கிக் கொடுப்பது என்று ஏற்பாடு. சீட்டு நடத்துகிறவர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

கடன் கொடுத்துவிட்டு அதை உதவி என்று சொல்லலாமா?

நியாயமான சந்தேகம். முன்பெல்லாம் சலுகைப் பங்கு 25 சதவீதம் இருந்துவிட்டால் கடன் முழுவதையும் உதவிக் கணக்கில் ஏற்றிவிட்டு, திரும்பி வரும்போது கழித்துக்கொண்டார்கள். 2018ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து முறை மாறியது. 100 ரூபாய் கடனில் உண்மையில் விட்டுக்கொடுத்தது 40 ரூபாய் என்றால் 40ஐ மட்டுமே எழுதலாம். மாற்றம் நல்லதுதான். ஆனால் எவ்வளவு விட்டுக்கொடுத்தோம் என்று கணக்கிட அவர்கள் வைத்துக்கொண்டிருக்கும் வட்டி விகிதம் சந்தை நிலவரத்தைவிட உயரமானது. அதனால் கொடுத்த சலுகை பெரிதாகத் தெரிகிறது. தள்ளுபடி விற்பனைக்கு முன்னால் விலையை ஏற்றி ஒட்டுகிற கடைக்காரர் நினைவுக்கு வருகிறார்.

சென்னை மெட்ரோவுக்கு ஜப்பான் தந்த நீண்ட காலக் கடனும் வளர்ச்சி உதவிதான். ரயில் ஓடுகிறது, வேண்டியதுதான். ஆனால் “வறுமை ஒழிப்புக்கு இத்தனை கோடி” என்று ஒரு மொத்த எண்ணைப் படிக்கும்போது அதற்குள் மெட்ரோ ரயிலும் இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

ஏழை நாட்டின் எல்லையையே தொடாத பணமும் உதவிக் கணக்கில் வருமா?

வரும். அதுவும் கொஞ்சநஞ்சமாக இல்லை.

அடைக்கலம் தேடி வந்தவர்களுக்கு முதல் 12 மாதங்கள் தங்க இடமும் சாப்பாடும் தரும் செலவை வளர்ச்சி உதவியாகக் காட்டிக்கொள்ள விதி இடம் தருகிறது. உக்ரைன் போருக்குப் பிறகு இந்தத் தொகை எகிறியது. 2023இல் உலக உதவியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு இப்படிக் கொடுத்த நாட்டுக்குள்ளேயே செலவானது. பிரிட்டனில் அந்த ஆண்டு 430 கோடி பவுண்டு. அதன் மொத்த உதவியில் கால் பங்குக்கும் மேல். அதில் பெரும்பகுதி ஓட்டல் அறை வாடகை. எத்தியோப்பியாவுக்கோ மலாவிக்கோ போயிருக்க வேண்டிய பணம் இங்கிலாந்து ஓட்டல் முதலாளிகளின் வங்கிக் கணக்கில் ஏறியது. புள்ளிவிவர அட்டவணையிலோ உதவி கூடியதாகக் காட்டியது.

அகதிக்குச் சோறு போடுவது தப்பென்று நான் சொல்லவில்லை. போட்டே ஆக வேண்டும். அதை உள்துறைச் செலவாக எழுதுங்கள் என்றுதான் சொல்கிறேன். வீட்டுக்கு வந்த விருந்தாளியின் சாப்பாட்டுச் செலவை அண்டை வீட்டுப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்த பணத்திலிருந்து கழிப்பது என்ன நியாயம்?

கொடுக்கிற நாட்டுக்கு இதில் ஆதாயம் உண்டா?

உண்டு. சில நேரம் அது மட்டுமே இருந்திருக்கிறது. மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் இருக்கும் பெர்காவ் அணை இதற்குப் பாடம்.

1988இல் பிரிட்டன் மலேசியாவுக்குச் சுமார் 100 கோடி பவுண்டுக்கு ஆயுதம் விற்கப் பேச்சு நடத்தியது. அந்த ஒப்பந்தக் குறிப்பில் ஆயுத விலையில் ஒரு பங்கை வளர்ச்சி உதவியாகத் தருவோம் என்ற பேச்சும் நுழைந்துவிட்டது. அடுத்து வந்தது பெர்காவ் நீர்மின் திட்டம். 23.4 கோடி பவுண்டு உதவி, கட்டும் வேலை பிரிட்டிஷ் கம்பெனிகளுக்கு. உதவித் துறையின் பொருளாதார நிபுணர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, இதைவிட மலிவாக மின்சாரம் எடுக்க வேறு வழி இருக்கிறது, இது தண்டச் செலவு என்றார்கள். துறைச் செயலாளர் டிம் லங்காஸ்டர் கையெழுத்திட மறுத்து, எழுத்தில் உத்தரவு கொடுங்கள் என்று கேட்டார். வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் எழுத்திலேயே கொடுத்தார். 1991இல் பணம் ஒதுக்கப்பட்டது.

விஷயம் பத்திரிகைகளில் வெடித்தது. கோபப்பட்ட மலேசியா 1994 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கம்பெனிகளுக்கு அரசு ஒப்பந்தம் கிடையாது என்று தடை போட்டது. லண்டனில் ஒரு தன்னார்வ அமைப்பு வழக்குத் தொடுத்தது. அந்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம், இந்த உதவி சட்டப்படி செல்லாது, இதில் வளர்ச்சி நோக்கமே இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. அணை என்னவோ கட்டி முடிக்கப்பட்டது.

அதன் பலன் எட்டு ஆண்டு கழித்து வந்தது. வறுமையைக் குறைக்க உதவும் என்று அமைச்சர் திருப்திப்பட்டால்தான் பணம் கொடுக்கலாம் என்று 2002இல் பிரிட்டன் சட்டம் இயற்றியது. எங்கள் கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையை அதற்கு முந்தைய ஆண்டே கைவிட்டிருந்தது. ஒரு அதிகாரி கோப்பில் எழுதிய ஆட்சேபக் குறிப்பு இத்தனை தூரம் வந்தது.

நிபந்தனைகள் முற்றாகப் போய்விடவில்லை. அமெரிக்கா அனுப்பும் உணவு தானியத்தில் பாதியாவது அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில் போக வேண்டும் என்பது இன்றும் அந்த நாட்டு விதி. அந்தக் கப்பல்களின் வாடகை மற்றவற்றைவிட அதிகம். பசித்தவன் தட்டில் விழ வேண்டியதில் ஒரு கை கப்பல்காரருக்குப் போகிறது.

ஊழலில் எவ்வளவு போகிறது?

உதவியை மிக அதிகமாக நம்பியிருக்கும் 22 நாடுகளை எடுத்துக்கொண்டு உலக வங்கி 2020இல் ஓர் ஆய்வுத்தாள் வெளியிட்டது. உதவிப் பணம் வந்து இறங்கும் காலாண்டுகளில் அந்த நாடுகளிலிருந்து சுவிட்சர்லாந்து போன்ற ரகசியக் கணக்கு நாடுகளுக்குப் பணம் கூடுதலாகப் பறக்கிறது என்று அது கண்டது. உதவியில் சுமார் 7.5 சதவீதத்துக்குச் சமமான பணம். “எல்லாமே போகிறது” என்பவருக்கு இது குறைவு. “ஒன்றும் போவதில்லை” என்பவருக்கு இது அதிகம்.

ஆனால் ரகசியக் கணக்குக்குப் போவது மட்டுமா கசிவு? உள்ளூரிலேயே உறிஞ்சப்படுவதைப் பார்க்க உகாண்டாவுக்குப் போக வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே தலைக்கு இவ்வளவு என்று தொடக்கப் பள்ளிகளுக்கு அரசு மானியம் ஒதுக்கியது. 250 பள்ளிகளில் கணக்கெடுத்தார்கள். ஒதுக்கியதில் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது சராசரியாக 13 சதவீதம். மீதி மாவட்ட அலுவலகங்களில் கரைந்திருந்தது. பல பள்ளிகளுக்கு ஒரு காசுகூட வரவில்லை. இன்னும் மோசம், அப்படி ஒரு மானியம் இருப்பதே பல தலைமையாசிரியர்களுக்குத் தெரியாது.

அரசு அப்போது செய்தது மிகச் சாதாரணமான காரியம். எந்த மாவட்டத்துக்கு இந்த மாதம் எவ்வளவு அனுப்பினோம் என்று நாளிதழில் போட்டது. வந்த தொகையைப் பள்ளிச் சுவரில் ஒட்டச் சொன்னது. 2001இல் 80 சதவீதத்துக்கு மேல் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. செய்தித்தாள் மட்டுமே காரணம் இல்லை, அதே காலத்தில் வேறு நிர்வாகச் சீர்திருத்தங்களும் நடந்தன என்று பின்னால் வந்தவர்கள் வாதிட்டார்கள். இருக்கட்டும். நம் ஊர் ரேஷன் கடைக் கரும்பலகையில் இருப்பு எழுதி வைப்பது எதற்கு என்று தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

திட்டம், நிபுணர், கருத்தரங்கு எல்லாம் எதற்கு? பணத்தை நேராக ஏழைகள் கையில் கொடுத்துவிடலாமே?

கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், கடந்த 20 ஆண்டுகளில் இந்தத் துறையில் நடந்த மிகச் சுவாரசியமான விஷயம் இதுதான்.

கென்யாவின் மேற்கே சியாயா மாவட்டம். கிவ் டைரக்ட்லி என்ற அமைப்பு 653 கிராமங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஒரு பகுதியைக் குலுக்கல் முறையில் தேர்ந்தது. யார் ஏழை என்று முடிவு செய்ய விண்ணப்பமும் இல்லை, வருமானச் சான்றிதழும் இல்லை. ஆள் போய்க் கூரையைப் பார்த்தார். தகரமா, புல்லா? புல் வேய்ந்த கூரை என்றால் பணம். 10,500க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குச் சுமார் 1,000 டாலர் வீதம், மொபைல் பணமாக, எந்த நிபந்தனையும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது.

குடித்துத் தீர்ப்பார்கள், விலைவாசி ஏறும் என்று எல்லோரும் எதிர்பார்த்ததுதான். விலைவாசி அசைந்ததே தெரியவில்லை. வாங்கியவர்கள் செலவழித்தார்கள். அந்தச் செலவு பக்கத்துக் கடைக்காரருக்கும் கொத்தனாருக்கும் வருமானமானது. பணமே வாங்காத குடும்பங்களின் செலவும் உயர்ந்தது. போட்ட ஒவ்வொரு டாலருக்கும் அந்த வட்டாரப் பொருளாதாரம் சுமார் இரண்டரை டாலர் பெருகியது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

இதற்குப் பக்கத்து உதாரணம் ஒன்று நமக்கு இருக்கிறது. போர் முடிந்தபின் இலங்கையில் 50,000 வீடுகள் கட்ட இந்தியா மானியம் தந்தது. வடக்கிலும் கிழக்கிலும் 46,000, மலையகத்தில் 4,000, மொத்தம் 1,372 கோடி இந்திய ரூபாய். வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பாலான வீடுகளுக்கு ஒப்பந்தக்காரர் கிடையாது. குடும்பத்தின் வங்கிக் கணக்கிலேயே 5.5 லட்சம் இலங்கை ரூபாய், கட்டடம் எழும்ப எழும்பத் தவணை தவணையாக. கல்லும் மண்ணும் யாரிடம் வாங்குவது, எந்த மேசனை அழைப்பது, சமையலறையை எந்தப் பக்கம் வைப்பது என்பதெல்லாம் வீட்டுக்காரர் முடிவு. கொஞ்சம் பெரிதாகக் கட்ட ஆசைப்பட்டும், பொருள் விலை ஏறியும் கடனில் விழுந்தவர்கள் உண்டு. பெண்கள் தனியாகத் தலைமை தாங்கிய குடும்பங்களுக்குக் கட்டட வேலையை மேய்ப்பது பெரும்பாடாக இருந்தது. ஆனாலும் வரிசையாக ஒரே அச்சில் வார்த்த குடியிருப்புகளுக்குப் பதிலாக ஆளுக்கொரு வீடு எழுந்தது.

பணம் எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்ல வரவில்லை. ஆளுக்கு 1,000 டாலர் கொடுத்தால் ஊருக்குப் பாலம் வராது. தடுப்பூசியைக் குளிர்பதனத்தில் கொண்டுவரும் ஏற்பாடும் வராது. ஆனால் இனி யார் ஒரு பயிற்சித் திட்டத்தோடு வந்தாலும், “அந்தப் பணத்தை அப்படியே கொடுத்திருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்காதா?” என்று கேட்க முடியும். அந்தக் கேள்விக்குப் பல திட்டங்களிடம் பதில் இல்லை.

படுதோல்வி அடைந்த திட்டம் ஒன்று சொல்லுங்கள்.

விளையாட்டுப் பம்பு. குழந்தைகள் ஏறிச் சுற்றும் ராட்டினத்தை ஆழ்துளைக் கிணற்றோடு இணைத்தார்கள். குழந்தைகள் சுற்றச் சுற்றத் தண்ணீர் மேலே தொட்டிக்கு ஏறும். தொட்டியைச் சுற்றி விளம்பரப் பலகை. அந்த வருமானத்தில் பராமரிப்பு. கேட்டவுடன் யாருக்குத்தான் பிடிக்காது? 2006இல் அமெரிக்க அதிபரின் மனைவி லாரா புஷ் 1.64 கோடி டாலர் உதவியை அறிவித்தார். ஆப்பிரிக்காவில் 10 நாடுகளில் 4,000 பம்புகள் என்று இலக்கு.

குழந்தைகள் எந்நேரமும் விளையாடுவதில்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை. பள்ளி விட்டதும் போய்விடுவார்கள். விடியற்காலையில் குடத்தோடு வரும் பெண்தான் அந்த இரும்பு ராட்டினத்தைக் குனிந்து கையால் தள்ளிச் சுற்ற வேண்டும். வயதான பெண்மணி ஊர் நடுவே ராட்டினம் சுற்றுவதைக் கற்பனை செய்து பாருங்கள். பழைய கைப்பம்பு இதைவிடப் பல மடங்கு மலிவு, பழுதானால் உள்ளூரிலேயே சரி செய்துவிடலாம். சில இடங்களில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கைப்பம்பைப் பிடுங்கிவிட்டு இதை நட்டிருந்தார்கள். சொன்ன அளவு தண்ணீர் வர வேண்டுமானால் குழந்தைகள் நாளுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று 2009இல் ஒரு பிரிட்டிஷ் நாளிதழ் கணக்குப் போட்டுக் காட்டியது. அதோடு கடை மூடப்பட்டது.

உதவியால் எந்த நாடாவது வறுமையிலிருந்து மீண்டதா?

உதவியால் மட்டும் மீண்ட நாடு என்று எதையும் காட்ட முடியாது. சீனாவில் நாற்பது ஆண்டுகளில் 80 கோடிப் பேர் கொடிய வறுமையைக் கடந்தார்கள். அதில் வெளிநாட்டு உதவிக்குப் பெரிய பங்கில்லை. தென்கொரியா ஐம்பதுகளில் அமெரிக்க உதவியில்தான் மூச்சுவிட்டது. 2010இல் அதே வளர்ச்சி உதவிக் குழுவில் கொடுக்கும் நாடாகச் சேர்ந்தது. இடையில் நிலச் சீர்திருத்தமும் கல்வியும் ஏற்றுமதியும் இருந்தன.

ஆனால் குறிப்பிட்ட ஒரு காரியத்துக்குக் கொடுத்த பணம் அந்தக் காரியத்தை முடித்திருக்கிறது. பெரியம்மை நல்ல சாட்சி. 1967இல் தொடங்கிய தீவிர இயக்கத்துக்கு ஆன மொத்தச் செலவு சுமார் 30 கோடி டாலர். அதில் வெளியிலிருந்து வந்தது மூன்றில் ஒரு பங்கு. மீதியை நோய் இருந்த நாடுகளே போட்டன. 1975இல் இந்தியாவிலிருந்தும் 1980 அறிவிப்போடு உலகத்திலிருந்தும் அது போயேவிட்டது. உங்கள் வீட்டுப் பெரியவரின் மேல்கையில் இருக்கும் அம்மைத் தழும்பு இந்தச் செலவின் ரசீது.

இந்தியா வாங்கும் நாடா, கொடுக்கும் நாடா?

இரண்டும். அறுபதுகளில் அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்துக் காத்திருந்தோம். கப்பலிலிருந்து நேரே வாய்க்கு என்று அதைக் கேலி செய்தார்கள். வியட்நாம் போரை இந்தியா விமர்சித்தபோது அதிபர் ஜான்சன் கோதுமையை மாதக் கணக்கில் இழுத்துப் பிடித்து அனுப்பினார். அந்தக் கோதுமைக்கு நாம் ரூபாயில் செலுத்திய விலை இங்கேயே மலைபோல் குவிந்துவிட்டது. 1974இல் அமெரிக்கத் தூதர் மொய்னிஹன் ஒரே காசோலையில் 1,664 கோடி ரூபாயை இந்தியாவுக்கே திருப்பிக் கொடுத்தார். அந்தக் காலத்து உலகின் மிகப் பெரிய காசோலை அது.

உதவியைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்தியதும் நாம்தான். ஐரோப்பா மிச்சமாகிப்போன பால் பவுடரையும் வெண்ணெய் எண்ணெயையும் இனாமாகத் தந்தது. அதைச் சும்மா பங்கிட்டிருந்தால் நம் பால்காரர்கள் ஒழிந்திருப்பார்கள். 1970இல் அமுல் கூட்டுறவை வளர்த்த குரியன் அதைப் பாலாக்கிச் சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தாவில் விற்று, அந்தக் காசைக் கூட்டுறவுப் பால் சங்கங்களில் போட்டார்.

2003இல் சிறிய நன்கொடை நாடுகளிடம் இனி நேரடி உதவி வேண்டாம் என்று இந்தியா சொல்லிவிட்டது. இன்று பூட்டானுக்கு மட்டும் ஆண்டுக்கு ₹2,000 கோடிக்கு மேல் கொடுக்கிறது. 2022 நெருக்கடியில் இலங்கைக்குச் சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கை கொடுத்தது. அதில் பெரும்பகுதி கடன் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

“கூட்டாளி நாடு” என்று சொல்வது ஏன்?

“பெறும் நாடு” என்றால் கையேந்துவது போல் இருக்கிறது என்று 2005ஆம் ஆண்டின் பாரிஸ் பிரகடனத்தை ஒட்டி இந்தச் சொல் பரவியது. சொல் மாறியது. பட்ஜெட்டை வெட்டும்போது கூட்டாளியைக் கேட்டு வெட்டியதாகத் தெரியவில்லை.

2025இல் என்ன நடந்தது?

ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே, டிரம்ப் அமெரிக்க உதவியை 90 நாள் நிறுத்திவைத்தார். 1961இல் கென்னடி தொடங்கிய அமெரிக்க உதவி அமைப்பான யுஎஸ்எய்டின் திட்டங்களில் 83 சதவீதம் ரத்து என்று மார்ச்சில் அறிவிப்பு வந்தது. ஜூலை 1 அன்று அந்த அமைப்பே மூடப்பட்டு மிச்சம் வெளியுறவுத் துறைக்குள் போனது. பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ் எல்லாம் ஒரே நேரத்தில் கையைச் சுருக்கின.

நிறுத்தலாமா கூடாதா என்பது ஒரு விவாதம். எப்படி நிறுத்தினார்கள் என்பது வேறு. அமெரிக்க உதவியில் ஏழை நாடுகளுக்குப் போன எச்.ஐ.வி. மருந்து தினமும் சாப்பிட வேண்டியது. அதை “மூன்று மாதம் ஆய்வு செய்துவிட்டுச் சொல்கிறோம்” என்று நிறுத்திவைக்க முடியாது. மூன்று ஆண்டில் படிப்படியாகக் குறைக்கிறோம் என்று சொல்லியிருந்தால் அந்த நாட்டு அரசுகள் தங்கள் பட்ஜெட்டில் இடம் பண்ணியிருக்கும்.

எங்கள் ஊரில் வெளிநாட்டு நிதியில் ஒரு திட்டம் நடக்கிறது. அதன் கணக்கைப் பார்க்க முடியுமா? புகார் சொல்ல முடியுமா?

பார்க்கலாம். உலக வங்கித் திட்டமென்றால் ஒப்பந்தம், மதிப்பீட்டு அறிக்கை, முடிவறிக்கை எல்லாம் அதன் இணையதளத்தில் கிடைக்கின்றன. ஆங்கிலத்தில், நூறு பக்கத்துக்குக் குறையாமல் இருக்கும் என்பதுதான் தொல்லை. முதலில் செலவு அட்டவணையைத் தேடுங்கள். ஆலோசகர் கட்டணம் எவ்வளவு, களத்தில் எவ்வளவு என்று அங்கே தெரிந்துவிடும். செயல்படுத்துவது நம் அரசுத் துறை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம்.

புகாருக்கும் இடம் இருக்கிறது. உலக வங்கி கடன் கொடுத்த நர்மதை அணையை எதிர்த்து மக்கள் நடத்திய போராட்டம் அந்த வங்கியை உலுக்கியது. 1992இல் வங்கியே அமைத்த தனிக் குழு வங்கியைக் குற்றம் சாட்டியது. 1993இல் இந்தியா மீதிக் கடனே வேண்டாம் என்றது. அந்த ஆண்டே வங்கி ஆய்வுக்குழு என்ற ஓர் அமைப்பை உருவாக்கியது. திட்டத்தால் பாதிக்கப்பட்டவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் போதும், வக்கீல் வேண்டாம், கடிதம் எழுதலாம்.

அப்படிப் போன முதல் புகார் நேபாளத்தின் அருண்-3 நீர்மின் திட்டத்தைப் பற்றியது. 1995இல் வங்கி அந்தத் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. அதே ஆற்றில், அதே அருண்-3 என்ற பெயரில், 900 மெகாவாட் நிலையத்தை இப்போது கட்டுவது இந்தியப் பொதுத்துறை நிறுவனம் எஸ்ஜேவிஎன். அதன் அடிக்கல் 2018இல் நாட்டப்பட்டது.